பச்சை ஆள் திரும்பி வந்தானா?

அன்புள்ள ஓசூர் வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய அனிமே பார்க்க உட்கார்ந்தீர்கள். முதல் அத்தியாயம் பாதிகூட ஓடவில்லை, அதற்குள் கை தானாகப் போனைத் தேடிப் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூடப் பையை முதுகிலிருந்து இறக்காமலே தொலைக்காட்சி முன் நின்ற அந்தப் பையன் எங்கே போனான் என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு கேள்வி: "எனக்கு வயசாகிவிட்டதா, இல்லை அந்தப் படங்கள் கெட்டுவிட்டனவா?" இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் பெயரைச் சொல்லாமல் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

இரண்டும் இல்லை. எனக்கும் இது ஒரு சிவராத்திரி இரவில்தான் புரிந்தது. அங்கே போவதற்கு முன் அடுகோடியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கு வருகிற ஓசூர் சாலையிலேயே மடிவாளாவைத் தாண்டி வந்தால் எங்கள் இடம். அப்பாவுக்கு மைக்கோ தொழிற்சாலையில் வேலை. வாசல் பலகையில் பாஷ் என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. உற்பத்தி பிடதிக்குப் போய், 2022-ல் அதே இடத்தில் கண்ணாடிக் கட்டடங்களோடு புது வளாகமும் திறந்தாகிவிட்டது. ஆனாலும் பழைய அடுகோடிக்காரர்கள் வாயில் அது இன்றும் மைக்கோதான். நாங்கள் இருந்தது ஒரு முற்றத்தைச் சுற்றிய ஏழு வீடுகளில் ஒன்று. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று நான்கு மொழி அந்த முற்றத்தில் புழங்கும். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். எந்த வீட்டில் எந்த மொழிப் படம் சத்தமாக ஓடுகிறது என்பதை எல்லோரும் கவனித்த காலம் அது.

பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. 2000-களின் தொடக்கத்தில் கேபிளில் 'டிராகன் பால் இசட்' வந்தபோது முற்றத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து உள்ளறை வரை நிரம்பி உட்கார்வோம். கதாநாயகன் கோகு பேசிய ஆங்கிலம் எங்களில் யாருடைய வீட்டு மொழியும் இல்லை. பாதி புரியாது. புரியாதது எல்லோருக்கும் சமமாகப் புரியவில்லை என்பதில் ஒரு நியாயம் இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்த என் தம்பி சொல்வான், நான் தமிழில் சொல்வேன், பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கன்னடத்தில் மற்றவர்களுக்குச் சொல்வாள். கோகு ஒரு வார்த்தை பேசி முடித்து எதிரியை அடித்துவிட்ட பிறகும் எங்கள் முற்றத்தில் அந்த வார்த்தை மூன்று மொழியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பின்னால் அம்மா உட்கார்ந்திருப்பாள். மார்கழி மாதமென்றால் மடியில் ஊறவைத்த அவரைக்கொட்டை இருக்கும். விரலால் பிதுக்கிப் பிதுக்கிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருப்பாள். குட்டிப் பையன் கோஹானுக்கு வால் இருப்பதைப் பார்த்து, "அனுமார் பிள்ளையா?" என்று ஒருமுறை கேட்டாள். நாங்கள் சிரித்தோம். பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: அவன் அப்பாவுடைய சோன் கோகு என்ற பெயர் 'மேற்குப் பயணம்' என்ற சீனக் காவியத்தின் குரங்கு வீரன் சுன் வுகோங்கின் பெயரை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம். அந்தக் குரங்கு வீரனுக்கும் அனுமானுக்கும் உறவுண்டா என்று சீன அறிஞர்களே நூறு ஆண்டுகளுக்கு முன்பு விவாதித்திருக்கிறார்கள். அம்மா அவரைக்கொட்டை பிதுக்கியபடியே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

2004-ல் அனிமேக்ஸ் சேனல் இந்தியாவுக்கு வந்தது. கல்லூரிக் காலத்தில் வன்தட்டுகளைக் கைமாற்றிக்கொண்டு பார்த்தோம். பிறகு எனக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிப்ட் வேலை. இரவு ஏழரைக்கு வேன் வரும், விடிந்து எட்டுக்குத் திரும்புவேன். அனிமே பார்ப்பதை நிறுத்துவது என்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. நீங்களும் எடுத்திருக்க மாட்டீர்கள். ஒரு வாரம் பார்க்கவில்லை, பிறகு ஒரு மாதம். விடுமுறையில் வந்த தம்பி ஏதோ ஒரு பெயர் சொன்னான், யாரென்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அவ்வளவுதான். 2011-ல் நின்றது பதிமூன்று வருடம் நீண்டுவிட்டது.

2024 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. காலையில் போனில் செய்தி வந்தது. 'டிராகன் பால்' வரைந்த அகிரா டோரியாமா மார்ச் 1-ஆம் தேதியே இறந்துவிட்டார், வயது 68, குடும்பத்தார் அடக்கம் முடித்த பிறகே வெளியில் சொல்கிறார்கள் என்று. அன்று முழுதும் வேலை ஓடவில்லை. அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. தன்னைப் பெரும்பாலும் முகமூடி போட்ட சின்ன ரோபோவாக வரைந்துகொண்டவர் அவர். முகம் தெரியாத ஒரு மனிதருக்காக அடுகோடியில் ஒருத்தி சமையலறையில் நின்று அழுதாள். அது நான்தான்.

அன்று மகா சிவராத்திரி. அம்மா கண்விழிக்கிற நாள். முன்பெல்லாம் சிவராத்திரிக்குத் தியேட்டர்களில் விடிய விடியப் படம் போடுவார்கள், இப்போது வீட்டுத் தொலைக்காட்சிதான். பக்திப் படம் ஒன்று முடிந்து மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. "இனிமேல் நீ ஏதாச்சும் போடு" என்றாள். நான் 'டிராகன் பால் இசட்' முதல் அத்தியாயத்தைப் போட்டேன். நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போனது. ஆட்கள் நின்று முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், காற்று அடிக்கிறது, புல் ஆடுகிறது. இதற்கா அப்படி ஓடி வந்தோம் என்று மனசுக்குள் ஓர் ஏமாற்றம்.

அப்போது அம்மா கேட்டாள்: "அந்தப் பச்சை ஆளு என்ன ஆனான்? புள்ளைக்காகச் செத்துட்டானே. திரும்பி வந்தானா?"

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை ஆள் என்றால் பிக்கோலோ. கோகுவின் பரம எதிரி. கோகு இறந்த பிறகு அவன் மகன், நான்கு வயது கோஹானைத் தூக்கிக்கொண்டு போய், காட்டில் தனியே விட்டு, ஈவிரக்கமில்லாமல் பயிற்சி கொடுக்கிறான். ஒரு வருடம் கழித்து நாப்பா என்ற அரக்கன் அந்தப் பிள்ளை மேல் வீசும் ஒளித் தாக்குதலுக்குக் குறுக்கே போய் நின்று செத்துப்போகிறான். எங்கள் வீட்டில் அந்த அத்தியாயம் ஓடிய பிறகு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கேபிள்காரருக்கும் முற்றத்துக்காரர்களுக்கும் ஏதோ பணத் தகராறு. மாதக்கணக்கில் சேனல் வரவில்லை. விட்டதை நான் நண்பர்களிடம் கேட்டு, பிறகு வன்தட்டில் பார்த்து முடித்தேன். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அன்று இரவு கை போனுக்குப் போகவில்லை. பச்சை ஆள் திரும்பி வரும் இடத்துக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டியிருந்தது.

உங்கள் கை ஏன் போனைத் தேடியது என்பதற்கு வருகிறேன். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு டெசூகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஓர் அத்தியாயம், அரைமணி நேரம். திரைப்பட அனிமேஷன்போல நொடிக்கு இருபத்து நான்கோ பன்னிரண்டோ படம் வரைவதற்கு அவரிடம் பணமும் இல்லை, நாளும் இல்லை. நொடிக்கு எட்டுப் படம், முடிந்தால் அதற்கும் குறைவு என்று வரைந்தார்கள். உடம்பு அசையாமல் வாய் மட்டும் அசையும். ஒரே ஓவியத்தின் மேல் கேமரா மெதுவாக நகரும். ஒருமுறை வரைந்த ஓட்டத்தைச் சேமித்து வைத்து, வேறு வேறு அத்தியாயங்களில் எடுத்துப் பயன்படுத்துவார்கள். அரிசியும் பருப்பும் அளந்து போடுகிற வீட்டில் கைப்பக்குவம் தேறுவதுபோல அந்தப் பற்றாக்குறையில் ஒரு கலை தேறியது. அசைவு குறைந்த இடத்தில் முகத்தையும் வானத்தையும் நிழலையும் கவனமாக வரைந்தார்கள். பார்க்கிறவன் கண் அங்கே தங்கும் என்று நம்பினார்கள்.

அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2002-ல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது மூன்று நான்கு முறை கை தட்டிக் காட்டி, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் 'மா' என்று சொன்னார். நமக்கு இது புதிதல்ல. ஆதி தாளம் போடும்போது ஒரு தட்டுக்குப் பிறகு கையைத் திருப்பி வீச்சு போடுகிறோமே, அதில் சத்தம் வராது, ஆனால் கணக்கில் உண்டு. வீச்சை விட்டால் தாளம் போயிற்று. கோகு முறைத்துக்கொண்டு நிற்பதும், புல் ஆடுவதும், மியாசாகி படத்தில் வரும் பெண்பிள்ளை ரயிலில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போவதும் அந்த வீச்சுதான்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நம் கண் தட்டை மட்டும் எண்ணப் பழகிவிட்டது. அரை நிமிட வீடியோவை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கண்ணுக்கு, ஐந்து நொடி ஒன்றும் அசையாவிட்டால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று தோன்றுகிறது. உங்கள் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணின் பழக்கம் போயிருக்கிறது, அது திரும்பி வரும். எனக்கு ஐந்தாவது இரவில் வந்தது. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, இரவுக்கு ஓர் அத்தியாயம் மட்டும் பார்த்தேன். ஐந்தாம் நாள், மழைக்காட்சி ஒன்றில் தகரக் கூரையின் விளிம்பில் நீர் திரண்டு, விழாமல் நின்று, பிறகு விழுந்தது. அதை நான் பார்த்தேன். அதைப் பார்த்ததும் பழைய ஆளாகத் திரும்பி வந்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

ஓர் இரவுக்கு ஒன்று என்பதில் பிடிவாதமாக இருங்கள். எங்கள் பக்கத்திலேயே, இதே ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், தொழில்நுட்பப் பழக்கத்தைச் சீர்செய்ய 2014-லிருந்து தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. வேலையில்லாத ஓர் இளைஞர் நாள் முழுக்கத் தொடர்களையே பார்த்துப் பார்த்து மீள முடியாமல் அங்கே வந்த செய்தியை 2018-ல் படித்தேன். கேபிள் காலத்தில் நம்மைக் காத்தது காத்திருப்பு. இன்றைக்கு ஒன்று, மீதி நாளைக்கு. இடையில் ஒரு பகல் முழுக்க முற்றத்தில் அதைப் பற்றியே பேசித் தீர்த்தோம். அந்தக் காத்திருப்பை இப்போது நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டதையெல்லாம் பிடிக்கப் போகாதீர்கள். 'ஒன் பீஸ்' 1999-ல் தொடங்கி 1,100 அத்தியாயத்தைத் தாண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நாளுக்கு ஒன்று வீதம் பார்த்தாலே மூன்று வருடம் ஆகும். 'நருட்டோ' இரண்டு தொடரும் சேர்ந்து 720. வேலையும் பிள்ளையும் உள்ளவர்கள் தலையில் ஏற்றிக்கொள்ளும் சுமை இல்லை இது. நாம் விட்டுப்போன பிறகு ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. அந்தக் காலத்துத் தொடர்கள் வார இதழில் வரும் மாங்கா என்ற சித்திரக்கதையோடு கூடவே ஓடின. கதை தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இழுத்தார்கள். 'டிராகன் பால் இசட்' தொடரில், நமேக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீசா சொன்ன பிறகு அந்த ஐந்து நிமிடம் எத்தனை நாள் ஓடியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது பெரும்பாலான தொடர்கள் மூன்று மாதப் பருவத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்று அத்தியாயம் என்று வருகின்றன. பன்னிரண்டு அத்தியாயம் மொத்தம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. இரண்டு வாரத்தில் முழுக்கதையும் பார்த்து எழுந்துவிடலாம்.

பழைய தொடரிலிருந்தும் தொடங்காதீர்கள். அம்மாவின் கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் நானும் அங்கேயே கைவிட்டிருப்பேன். பழையதைப் போட்டால் நாம் படத்தைப் பார்ப்பதில்லை, அதைப் பார்த்த பையனைத் தேடுகிறோம். அவன் அங்கே இருக்க மாட்டான். நீங்கள் 'ஃப்ரீரென்' பாருங்கள்.

முதல் பருவம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது, 28 அத்தியாயம். கதை எழுதியவர் கானேஹிட்டோ யமாதா, மாங்கா வரைந்தவர் சுகாசா அபே, அனிமே எடுத்தது மேட்ஹவுஸ். நான்கு வீரர்கள் பத்து வருடம் பயணம் செய்து அரக்கர் அரசனைக் கொல்வது பழைய கதை. இது அவர்கள் ஊர் திரும்பும் நாளில் தொடங்குகிறது. நால்வரில் ஃப்ரீரென் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்தவள். பத்து வருடம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. போய்வருகிறேன் என்று கிளம்பி ஐம்பது வருடம் கழித்து வருகிறாள். தலைவன் ஹிம்மெல் கூன் விழுந்த கிழவனாக நிற்கிறான். விரைவில் இறந்தும் போகிறான். அடக்கத்தின்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: பத்து வருடம் கூட நடந்தவனைப் பற்றித் தான் எதையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மீதி முழுக்க அவள் அதே பழைய பாதையில் மறுபடி நடக்கிறாள்.

சிவராத்திரிக்குப் பிறகு மூன்றாவது வாரம் இதைப் பார்க்கத் தொடங்கினேன். பின்னால் உட்கார்ந்து பிதுக்கம்பருப்பு உரித்தவளைப் பற்றி நான் என்ன தெரிந்து வைத்திருந்தேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. பதினைந்து வயதில் இந்தக் கதை எனக்கு எட்டியிருக்காது. போய்த் திரும்பியவர்களுக்கு எழுதிய கதை இது. விலகியிருந்த வருடங்களை வீண் என்று எண்ணாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இல்லாத காலத்தில் போய்விட்டவர்களையும் எண்ணிப் பார்த்தேன். இயக்குநர் இசாவோ தகாஹாட்டா 2018-ல். 'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமே நான் விலகிய பிறகு 2013-ல் தொடங்கி, நான் திரும்புமுன் 2023-ல் முடிந்தே விட்டது. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு ஒருவன் தீ வைத்தான், 36 பேர் இறந்தார்கள். வரைகிறவர்கள், வண்ணம் தீட்டுகிறவர்கள், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஐந்து வருடம் தாமதமாக உட்கார்ந்து படித்தேன். அவர்களுடைய 'வயலெட் எவர்கார்டன்' 2018-ல் வந்தது, 13 அத்தியாயம். போரில் கைகள் இரண்டையும் இழந்த பெண் உலோகக் கைகளோடு பிறருக்காகக் கடிதம் எழுதித் தருகிறாள். பத்தாவது அத்தியாயத்தில், சாகப்போகும் ஒரு தாய் தன் சின்ன மகளுக்கு இனி வரும் ஐம்பது பிறந்தநாளுக்கும் இப்போதே கடிதம் எழுதி வைக்கச் சொல்கிறாள். கடிதம் எழுதி விடை தேடுகிறவர் நீங்கள், அதனால் இதை இரண்டாவதாகப் பாருங்கள். மனசு தெளிவாக இருக்கும் நாளில் பாருங்கள்.

"இந்த வயசிலே பொம்மைப் படமா" என்று வீட்டில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தபோது அதை வாங்கிய பிள்ளைகள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலர் இன்றும் லயன்-முத்து காமிக்ஸ் இதழ்களைச் சந்தா கட்டி வாங்குகிறார்கள். யாரும் அவர்களைக் குழந்தை என்று சொல்வதில்லை. சிரிப்பவர்களுக்குத் தகாஹாட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'யைப் போட்டுக் காட்டுங்கள். 1988-ல் வந்த படம். 1945-ல் குண்டு விழுந்த கோபே நகரில் தாயில்லாத அண்ணனும் தங்கையும் பட்டினியில் தேய்ந்து போவதைச் சொல்கிறது. பார்த்துவிட்டு யாராலும் பொம்மை என்ற சொல்லை எடுக்க முடியாது. அதே நேரம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோடுகளால் வரைந்தது என்பதற்காகக் குழந்தையின் கையில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். ரத்தம் தெறிக்கும் தொடர்கள் உண்டு. பெண் உடம்பைக் கேவலமாகக் காட்டுகிற தொடர்களும் நிறைய உண்டு, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நீங்கள் முதலில் பாருங்கள், பிறகு பிள்ளைக்கு.

மொழி பற்றிய கேள்விக்கு என் பதில்: தமிழில் இருந்தால் தமிழில் பாருங்கள். ஜப்பானியத்தில் பார்த்தால்தான் உண்மையான ரசிகர் என்று சொல்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். நம் காலத்தில் தமிழ் என்றால் சிறுவர் சேனல்களில் சினிமா வசனமும் வடிவேலு பாணியும் கலந்து கேலியாகப் பேசுவார்கள். இப்போது 'சோலோ லெவலிங்' மாதிரித் தொடர்கள் கதையை மதித்துத் தமிழில் வருகின்றன. தமிழுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஜப்பானிய வாக்கியமும் நம்முடையதைப்போல வினைச்சொல்லில்தான் முடியும். பாத்திரம் தயங்கித் தயங்கிக் கடைசிச் சொல்லில் உண்மையைச் சொல்லும்போது, ஆங்கில சப்டைட்டில் அதை முன்னாலேயே கொட்டிவிடும். தமிழில் அந்தச் சொல் அதன் இடத்திலேயே விழுகிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இதுபோன்ற ஒற்றுமைகளை வைத்து இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லும்போது ஓனோவுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்குப் புரிகிறது.

தியேட்டரிலும் காலம் மாறியிருக்கிறது. 2019-ல் மகோட்டோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவில் வெளியிட வேண்டும் என்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில், யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் எடுத்த ராமாயண அனிமே தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. அதே வருடம் செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்க் குரலோடு திரைக்கு வந்தது. தம்பி கோயம்புத்தூரில் பார்த்தான், நான் இங்கே காலைக் காட்சிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், பின்னால் நின்றவர்கள் தமிழில். உள்ளே போனதும் எல்லோரும் ஒரே இடத்தில் கத்தினார்கள். எங்கள் முற்றம் நினைவுக்கு வந்தது. அந்த முற்றம் இப்போது இல்லை. ஏழு வீடும் போய் நான்கு மாடி நிற்கிறது.

சிவராத்திரி அன்று விடிவதற்குள் பச்சை ஆள் திரும்பும் இடம் வரை போக முடியவில்லை. நாளுக்கு ஒன்றாக, சில நாள் விட்டு, சித்திரை பாதியில் அவன் சாகும் இடத்துக்கு வந்தோம். அம்மா இரண்டாம் முறையாக அழுதாள். பிறகு ஆடி மாதம், நமேக் கிரகத்து டிராகன் பால் மணிகள் வழியே வரம் கேட்டு அவன் உயிரோடு எழுந்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தாள், மணி இரவு பத்தரை.

நீங்கள் தொலைக்காட்சி முன் நின்றபோது உங்கள் பின்னால் யார் இருந்தார்கள்? அம்மாவோ, பாட்டியோ, அத்தையோ, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவோ. அவர்கள் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள், எந்தக் கதை பாதியில் நின்றது என்று. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். இந்த முகவரி மாறாது.

அன்புடன்,
அடுகோடியிலிருந்து உங்கள் தோழி